அடைக்கு வைத்த வாக்கியம்

பயப்படாதீர்கள் அக்கா. நான் தனியாகப் பேசுகிறவள் இல்லை. நீங்கள் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஒதுங்க வேண்டாம். என் வாய் அசைந்தது உண்மைதான். அது என் வேலை.

சற்று முன்னால் கண்டக்டர் அந்தக் காலேஜ் பையன்களிடம், "எல்லாரும் ஒரே செட்டாடா, இல்ல தனித்தனி டிக்கெட்டா?" என்று கேட்டார் இல்லையா? அதைத்தான் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டிருந்தேன். மறந்துவிடக் கூடாதே. அவர் பின்பக்கம் போய்விட்டாரா? இருங்கள், எழுதிவிடுகிறேன். "செட்டாடா." டா முக்கியம். ஆயிற்று.

கோயமுத்தூரில் ஓர் அகராதி ஆபீஸ் அக்கா. நாம் தமிழில் பேசும்போது கலந்துவிடும் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி போடுகிறார்கள். ஆளுக்குச் சில சொற்கள் பிரித்துக் கொடுத்தார்கள். பஸ் என்ற சொல் கிடைத்தவர்களுக்கு என்ன கவலை? பஸ் என்றால் பஸ். இரண்டு நாளில் முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்தது செட்.

சின்னச் சொல்தானே என்று நானும் நினைத்தேன். ஆபீஸில் இருக்கிற பெரிய ஆங்கில அகராதியைப் பிரித்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. சூரியன் மறைந்தாலும் அதே சொல், எலும்பை ஒட்டவைத்தாலும் அதே சொல். மேஜையில் தட்டு வைப்பதும் அதுதான், டென்னிஸில் ஒரு கட்டம் முடிவதும் அதுதான். நம் ஊரில் மட்டும் குறைவா? மைக் செட், பம்பு செட், செட் தோசை. கம்மலும் நெக்லஸும் ஒரே மாதிரி இருந்தால் செட். ஒன்றாகப் படித்தவர்கள் ஒரு செட். கான்கிரீட் இறுகினால் செட் ஆகிவிட்டது. பையனுக்கும் பெண்ணுக்கும் மனசு ஒத்துப்போனாலும் செட் ஆகிவிட்டது, ஒத்துப்போகாவிட்டால் செட் ஆகவில்லை. கல்லூரி வாத்தியார் ஆக எழுதுகிற பரீட்சைக்கும் அதே பெயர். செட்டப் என்பது தனிச்சொல். அதை எனக்குக் கொடுக்கவில்லை. நான் கல்யாணமாகாத பெண் என்று, கூட வேலை பார்க்கிற சாலமன் அண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சொல் காதில் விழ அவர் எங்கெங்கோ போய் உட்கார வேண்டியிருக்கிறது, அவர் மனைவி ஆபீஸுக்கே வந்து சண்டை போட்டார். அதை விடுங்கள்.

எங்கள் எழிலரசி மேடம் வைத்திருக்கிற விதிதான் கடுமை. ஒரு பொருள் அகராதியில் ஏற வேண்டுமானால் அதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். நாம் கேட்டு வாங்கக் கூடாது, தானாகக் காதில் விழ வேண்டும். பேசுகிறவர் எதிரில் எழுதக் கூடாது. போனில் பதியக் கூடாது. ஓர் எழுத்து மாறாமல் வாய்க்குள்ளேயே தூக்கிக்கொண்டு வந்து, ஆள் மறைந்த பிறகுதான் கார்டில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. நாம் இந்தச் சொல்லைத் தேடுகிறோம் என்று தெரிந்துவிட்ட ஒருவர் என்ன சொன்னாலும் செல்லாது. அவ்வளவுதான், அந்த ஆள் முடிந்தார்.

இது கொஞ்சம் அதிகம் என்று எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது அக்கா. வீட்டில் சொல்லிவிட்டேன். சோமனூர் எங்களுக்கு. அப்பா தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான், அதனால் நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்கு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும். சொன்னேன். மறுநாள் காலையில் எழுந்தால், "கண்ணு, சோறு செட் ஆயிருச்சு, சாப்பிட வா" என்கிறார் அம்மா. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் பல்லு செட் பண்ணிட்டு வந்தர்றேன்" என்கிறார். என் வேலைக்கு உதவுகிறார்களாம்! இத்தனைக்கும் அம்மா முந்தின வாரம்தான், "பனிக்குத் தயிரே செட் ஆவமாட்டீங்குது" என்று இயல்பாகச் சொல்லியிருந்தார். அப்போது எனக்குச் சொல் ஒதுக்கவில்லை. போயிற்று. மேடம் சொன்னது சரிதான் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

நீங்கள் எதுவரைக்கும்? திருச்சியா? அப்படியானால் நேரமிருக்கிறது. நான் பல்லடத்தில் இறங்கிவிடுவேன்.

பல்லடத்தில் என்ன என்றால், வேலைதான். வேறொன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் பெண் பார்க்க வந்ததிலிருந்து சொல்ல வேண்டும்.

போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் நவநீதன். பல்லடம் பக்கம் ஒரு ஹேச்சரியில், கோழிக்குஞ்சு பொரிக்கிற இடத்தில், சூப்பர்வைசர். அவரும் அவர் அம்மா ருக்குமணியும் தரகரும் வந்தார்கள். எனக்கு அந்தச் சம்பந்தத்தில் பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது அக்கா. ஒறம்பரை வருகிறார்களே என்று ஒரு பச்சைப் புடவையைக் கட்டினேன். பிளவுஸ் மட்டும் புதிதாகத் தைத்தது.

காபித் தட்டோடு வெளியே வந்தேன். அவர் அம்மா என் காதைப் பார்த்துவிட்டு, "கம்மலும் நெக்லசும் ஒரே செட்டுங்களா?" என்று கேட்டார். நான் அசையவில்லை. அந்தப் பொருளுக்கு என்னிடம் ஏற்கெனவே நல்ல வாக்கியம் இருந்தது. அப்போது அப்பா, "வேலையெல்லாம் எப்படிங் மாப்ள?" என்று கேட்டார். அவர் காபியை எடுத்துக்கொண்டே சிரித்தபடி சொன்னார், முட்டையைச் செட் பண்ணிவிட்டால் மூன்று வாரத்துக்குத் தூக்கம்…

அக்கா, அடுத்த டம்ளரை நீட்டவே மறந்துவிட்டேன்.

ஆங்கில அகராதியில் அந்தப் பொருள் உண்டு. கோழியை முட்டைமேல் அடைக்கு உட்காரவைப்பது. பழைய பொருள். இது கடல் தாண்டி நம் ஊருக்கு வந்திருக்காது என்று நான் பென்சிலில் கோடு போட்டுவைத்திருந்தேன். அது எங்கள் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறது! யாரும் கேட்காமல் தானாக வந்த வாக்கியம். எங்கள் ஆபீஸில் ஒருவரிடமும் இல்லாத வாக்கியம்.

உடனே வாய்க்குள் பிடித்துக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது பார்த்து அவர் அம்மா, "என்ன படிச்சிருக்கற அம்மணி?" என்று கேட்கிறார். வாயைத் திறந்தால் வாக்கியம் போய்விடும். தலையை மட்டும் ஆட்டினேன். "சமைப்பியா?" தலையாட்டினேன். "தம்பி தங்கச்சி எத்தன பேரு?" அதற்கும் தலையாட்டினேன். அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு தரகரைப் பார்த்தார். தரகர் முறுக்கைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பின்னால போயிப் பேசிட்டு வாங்க" என்று எங்களை அனுப்பினார்கள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றோம். அவர், "ஏதாச்சும் கேக்கோணுங்களா?" என்றார். எனக்கு வாய் நிற்கவில்லை, உதடு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் என் உதட்டைக் கவனித்தார். "சாமி கும்பிடறீங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. ஆனால் அவருக்கு ஆமாம் என்று தெரிந்திருக்கிறது. "பொறுமையா முடிச்சிட்டு வாங்க, அவசரமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவரும் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அங்கேதான் எனக்கு வாக்கியம் தவறியது அக்கா.

எப்படித் தவறியது என்று இன்றுவரை தெரியவில்லை. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள், அந்தச் சத்தமாக இருக்கலாம். அவருக்கு இமை கொஞ்சம் நீளம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "மூணு வாரத்துக்கு நம்ம தூக்கம்" வரைக்கும் நினைவிருக்கிறது. அதற்குமேல் "நம்முளுது இல்லீங்க" என்றாரா, "அதுங்க கையிலதானுங்க" என்றாரா? பொருள் தெரிகிறது. வார்த்தை போய்விட்டது. பொருளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சாலமன் அண்ணன், "ஏதாச்சும் ஒண்ணை எழுதிப் போடும்மா, அந்தாளு வந்து கேக்கப் போறாரா?" என்றார். எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. மேடமிடம் போய், மறந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "யமுனா, அகராதியோட அடுத்த கட்டத்துக்கு ஓர் உதவியாளரைத்தான் வெச்சுக்க முடியும். நீயா, சாலமனான்னு இந்த மாசக் கடைசியில முடிவு பண்றாங்க. இந்த முட்டைப் பொருள் உன் கார்டுல இருந்தா நான் உனக்காகப் பேசுவேன். வாக்கியம் இல்லாம வாயால சொன்னா என்னால பேச முடியாது" என்றார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது.

இந்தப் பக்கம் தரகர் வந்தார். மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் பிடித்திருக்கிறதாம். "ஆனா பொண்ணு வாய்க்குள்ளயே என்னமோ பேசிக்கிட்டு இருக்குதுன்னு அந்தம்மா பயப்படறாங்க. இதுக்கு முன்னால எங்கயாச்சும் வைத்தியம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். அம்மா அழுதார். அழுதுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என் நெற்றியில் திருநீற்றைப் பூசினார். என் வேலை தெரிந்த அம்மாவே பூசினார் அக்கா!

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் நேராப் போயிச் சொல்லிட்டு வாறேன், எம்புள்ள வார்த்தை புடிக்கிற வேலை பாக்குதுன்னு" என்று கிளம்பினார். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"அப்பா, சொல்லிட்டீங்கன்னா அவர் இனி என்ன பேசினாலும் செல்லாதுப்பா."

"வாக்கியம் செல்லாட்டிப் போனாப் போச்சாது. ஊருல நீ செல்லாமப் போயிருவ சாமி."

"ரெண்டு நாள் பொறுங்கப்பா. அவர் மறுபடி ஒருதடவை அதைச் சொல்லட்டும்."

"எதுக்கு அந்தப் பையன் உங்கிட்ட வந்து முட்டையப் பத்திச் சொல்லப் போறான்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் நான் பல்லடம் போக ஆரம்பித்தேன்.

வேறு ஹேச்சரி இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஒன்றுக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். குஞ்சுக்கு நோய் வந்துவிடும் என்று வெளியாட்களை உள்ளே விடுவதே இல்லை. வேலை செய்கிறவர்களே குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். சரி, வெளியே வந்து டீ குடிக்கும்போது பேசுவார்களே என்று காத்திருந்தேன். சினிமா பேசுகிறார்கள். தேர்தல் பேசுகிறார்கள். முட்டை பேசவே இல்லை. வேலை முடிந்து வந்தவன் வேலையைப் பேசுவானா?

அவருடைய ஹேச்சரிக்கு எதிரில் ஒரு பேக்கரி. அங்கே போய் உட்கார்ந்தேன். வேலைக்காகத்தான் அக்கா. டீ குடிக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். திடுக்கிட்டார். பிறகு எதிரில் வந்து உட்கார்ந்து, "இந்தப் பக்கம் வேலைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். ஏதேதோ பேசினார். அவர் வளர்க்கிற நாய்க்கு இடி என்றால் பயமாம், கட்டிலுக்கு அடியில் போய்விடுமாம். அவர் பத்தாவதில் கணக்கில் தவறி மறுபடி எழுதினாராம். அப்பா இல்லாமல் அம்மா ஒற்றை ஆளாக வளர்த்தாராம், அதனால் அம்மா பேச்சைத் தட்டுவதில்லையாம். அந்தப் பேக்கரியில் டீ நன்றாக இருக்காதாம், ஆனாலும் பழகிவிட்டதாம். எல்லாம் சொன்னார். முட்டை மட்டும் வரவில்லை.

மறுபடி போனேன். பிறகு ஒருமுறை போனேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆபீஸ் லீவுதான், ஆனாலும் வாக்கியம் எந்தக் கிழமையில் விழும் என்று யார் கண்டது?

நேற்று முன்தினம் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அன்னிக்கு நீங்க கும்பிட்டது எந்தச் சாமிங்க?"

நான் பன்னைப் பார்த்தேன்.

"அம்மா வேற மாதிரி நெனைக்கிறாங்க. எனக்கு அப்படித் தெரியலீங்க. சாமி பேரு, என்ன வேண்டுதல்னு சொல்லீட்டா, அம்மாகிட்டப் பேசிருவேன். அவிங்களும் வேண்டுதல்காரிதான், புரிஞ்சுக்குவாங்க. வெள்ளிக்கிழமை உடுமலைக்கு வேற பொண்ணு பாக்கப் போறாங்க. அதுக்குள்ள சொல்லுங்க."

"வியாழக்கிழமை சொல்றேன்" என்றேன். இன்றைக்குத்தான் வியாழன்.

புரிகிறதா அக்கா என் நிலைமை? உண்மையைச் சொன்னால் அவர் விஷயம் தெரிந்த ஆள் ஆகிவிடுவார். அந்த வாயிலிருந்து இனி ஒரு வாக்கியமும் எடுக்க முடியாது. வேலை சாலமன் அண்ணனுக்கு. சொல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை உடுமலை. உடுமலை போனால் எனக்கென்ன? எனக்கொன்றுமில்லை. அந்தப் பெண்ணும் நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். காபி கொடுப்பாள், கேட்டதற்கெல்லாம் வாயைத் திறந்து பதில் சொல்லுவாள். அவரும் கல்யாணம் பண்ணிக்கொண்டு டீ குடிக்க அந்தப் பேக்கரிக்கு வராமல் வீட்டிலேயே குடிப்பார். எனக்கு வாக்கியம் கிடைக்காமல் போகும். அந்தக் கவலைதான்.

அதனால் ஒன்று நினைத்திருக்கிறேன். முதல் டீ முடிகிறவரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அதற்குள் அவராகவே முட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதைக் கொண்டுபோய் எழுதிவிட்டு வந்து, பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். இரண்டும் பிழைக்கும். சொல்லாவிட்டால்? அது இரண்டாவது டீயில் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம்பேட்டை தாண்டிவிட்டதா? இவ்வளவு சீக்கிரமா?

ஒரு நிமிஷம் அக்கா. போன். அவர்தான்.

ஹலோ… ஆமாங்க, பஸ்ஸுலதான்… இல்லீங்க, கேக்குது, சொல்லுங்க… இன்னிக்கேவா? வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீங்க… நாளைக்கு நல்ல நேரம் இல்லீங்களா… கார் வந்துருச்சா? கொஞ்சம் இருங்க. ஒரே ஒரு நிமிஷம். வெச்சறாதீங்க.

அக்கா, அவர் அம்மா இப்போதே உடுமலைக்குக் கிளம்புகிறாராம். வாசலில் கார் நிற்கிறதாம். பூவெல்லாம் வாங்கியாகிவிட்டதாம். இவர் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருக்கிறாராம். சாமி பேரை மட்டும் இப்போதே சொல்லுங்கள், நான் அம்மாவை நிறுத்துகிறேன் என்கிறார்.

என்ன அக்கா? ஏதாவது ஒரு சாமி பேரைச் சொல்லு என்கிறீர்களா? தெரியும். எனக்கும் தோன்றியது. மாகாளியம்மன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அம்மாவும் போகாமல் நின்றுவிடுவார், வாக்கியமும் பத்திரமாக இருக்கும், வேலையும் கிடைக்கும். ஆனால் அவர் அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் அக்கா. நான் என்னமோ வேண்டிக்கொள்கிறேன் என்று நம்பி, கூட நின்றார். அவரிடம் போய் நான்…

ஹலோ. இருக்கேனுங்க. சாமி இல்லீங்க… இல்லீங்க, நான் எந்தச் சாமியும் கும்பிடலீங்க. முட்டைங்க… முட்டை. கோழி முட்டை… நீங்க சொன்னதுதானுங்க. எங்கப்பா வேலை எப்படின்னு கேட்டாரே, அதுக்கு நீங்க முட்டைய செட் பண்ணிட்டான்னு ஆரம்பிச்சு ஒண்ணு சொன்னீங்க, அதை மறக்கக் கூடாதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிட்டிருந்தேன். என் வேலையே அதுதானுங்க. செட்டுங்கற வார்த்தைக்கு நம்ம ஊருல என்னென்ன அர்த்தம்னு பொறுக்கற வேலை. கேட்டு வாங்கக் கூடாது. அதான் உங்க அம்மா கேட்டதுக்குக்கூடப் பதில் சொல்லல. திமிரு இல்லீங்க. வியாதியும் இல்லீங்க… ஆமா, பேக்கரிக்கு வந்ததும் அதுக்குத்தான்… அஞ்சு தடவையும் அதுக்குத்தான்… ஞாயித்துக்கிழமையா? அது… அதுவும் அப்படித்தானுங்க… பெரும்பாலும்.

ஹலோ?

என்னமோ சத்தம் கேட்கிறது அக்கா. சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. அவ்வளவுதான், அவர் தெரிந்த ஆள் ஆகிவிட்டார். இனி அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் செல்லாது. அகராதியில் அந்த ஒரு பொருள் இருக்காது. மேடமிடம் நாளைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடமும் சொல்ல வேண்டும், வேலை இல்லை என்று. ஆனால் நான் அழவில்லை பாருங்கள்.

ஹலோ… சொல்லுங்க… நீங்களே சொல்லீருங்களேன்… நானா? அவிங்ககிட்டயா? ஐயோ, வேண்டாமுங்க, என்ன சொல்றதுன்னு எனக்கு… காருல ஏறீட்டாங்களா? அப்ப ஓடுங்க, ஓடுங்க!

போனை எடுத்துக்கொண்டு ஓடுகிறார் அக்கா. செருப்புச் சத்தம் கேட்கிறது. நாய் வேறு குரைக்கிறது. கார்க் கண்ணாடியைத் தட்டுகிறார்.

பல்லடமா? இறங்கணும், இறங்கணும் அண்ணா, நிறுத்துங்க! அக்கா, என் பை, அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள்…

ஹலோ.

அத்தைங்களா?